ஒரு தேக்கரண்டி மூச்சு

என் அக்கா மகளுக்கு முப்பதாவது வாரத்திலேயே வலி வந்துவிட்டது. குடியாத்தத்திலிருந்து இரவோடு இரவாக 108-இல் ஏற்றி வேலூருக்குக் கொண்டுவந்தோம். விடியற்காலையில் ஆண் குழந்தை. எடை 1,240 கிராம். பதினைந்து நாள் எல்லாம் நல்லபடியாகப் போனது. வயிற்றுக்குள் விட்டிருந்த மெல்லிய குழாய் வழியாகத் தாய்ப்பால் கொடுத்தார்கள். முதலில் 2 மில்லி, பிறகு 5, பிறகு 12 என்று அளவு ஏறிக்கொண்டே வந்தது. பதினாறாம் நாள் காலை சிஸ்டர் வெளியே வந்து, "வயிறு கொஞ்சம் உப்பினாப்ல இருக்கு. பால நிறுத்தி வச்சிருக்கோம். டாக்டர் எக்ஸ்ரே எடுக்கச் சொல்லியிருக்காங்க" என்றார்.

அக்கா என் பக்கம் திரும்பினாள். வேலூரில் ஓர் ஆய்வுக்கூடத்தில் இருபது ஆண்டுக்கு மேல் வேலை பார்த்தவள் நான். வயிற்று உபாதையோடு வருகிறவர்களை ஊதச் சொல்லி, மூச்சில் எவ்வளவு ஹைட்ரஜன் வருகிறது என்று அளப்பது அங்கே என் வேலைகளில் ஒன்று. அது அக்காவுக்குத் தெரியும். "நீதான அந்த ஊதற டெஸ்ட்டு பண்ணிகினு இருந்தவ. அத இவனுக்குப் பண்ணா இன்னா? உள்ள இன்னா ஆவுதுன்னு தெரிஞ்சிடும் இல்ல?" என்றாள்.

அருமையான கேள்வி அது. உலகத்தில் பல ஆராய்ச்சியாளர்கள் இதே கேள்வியைக் கேட்டு வருடக்கணக்காக உழைத்திருக்கிறார்கள். அன்றைக்கு வராந்தாவில் நின்றுகொண்டு அவளுக்குப் பாதி பதில்தான் சொல்ல முடிந்தது. மீதியை இங்கே எழுதுகிறேன்.

முதலில், குறைமாதக் குழந்தைக்கு வயிறு உப்பினால் டாக்டர்கள் பயப்படும் அந்த நோய். நெக்ரோடைசிங் என்டரோகொலைட்டிஸ் என்பது முழுப் பெயர். வார்டில் எல்லாரும் 'நெக்' என்பார்கள். குடலின் உள்சுவர் வீங்கிப் புண்ணாகி, ரத்த ஓட்டம் குறைந்து, திசு சாகத் தொடங்கும் நோய். முற்றினால் குடலில் ஓட்டை விழும். உள்ளே இருக்கிற கிருமிகள் வயிற்றறைக்கும் ரத்தத்துக்கும் போய்விடும். ஒன்றரைக் கிலோவுக்குக் குறைவாகப் பிறக்கும் குழந்தைகளில் நூற்றுக்கு ஐந்து முதல் பத்துப் பேரை இது தாக்குகிறது. தாக்கப்பட்டவர்களில் நான்கில் ஒரு குழந்தை போலப் பிழைப்பதில்லை. அறுவை சிகிச்சை வரை போனால் நிலைமை இன்னும் மோசம். பிழைத்த குழந்தைக்கும் குடலில் பெரும்பகுதியை வெட்டி எடுக்க வேண்டியிருந்தால், சாப்பிட்டதை உடம்பில் ஒட்டவைப்பதே வருடக்கணக்கில் போராட்டமாகிவிடும்.

இதில் வயிற்றைக் கலக்குவது அதன் வேகம்தான். காலையில் கொஞ்சம் சோர்வாக இருந்த குழந்தைக்கு மாலையில் வயிறு மத்தளமாகிவிடும். பிறந்த உடனே வருவதும் இல்லை. மிகவும் குறைமாதமாகப் பிறந்தவர்களுக்குப் பெரும்பாலும் இரண்டாவது மூன்றாவது வாரத்தில், பால் ஏறிக்கொண்டிருக்கும்போது, 'இனி பயமில்லை' என்று வீட்டார் மூச்சு விடும் நேரத்தில் வரும். தொடக்க அறிகுறிகளோ எல்லாக் குறைமாதக் குழந்தைக்கும் வருகிறவை. வயிறு உப்பும், பால் தங்கிவிடும், மூச்சு விடுவதில் இடைவெளி விழும். 1978-இல் பெல் என்ற அறுவை மருத்துவரும் அவருடைய குழுவினரும் நோயை மூன்று கட்டமாகப் பிரித்தார்கள். முதல் கட்டத்தின் பெயரே 'சந்தேகம்' என்பதுதான். இரண்டாம் கட்டத்தில்தான் எக்ஸ்ரேயில் தெளிவான அடையாளம் கிடைக்கும். குடல் சுவருக்கு உள்ளேயே வரிவரியாக, முத்து கோத்ததுபோல வாயுக் குமிழிகள் தெரியும். அதைப் பார்க்கும்போது நோய் ஏற்கெனவே வேரூன்றியிருக்கும். ஆகவே அந்தப் படம் வருவதற்கு முன்பே ஏதாவது ஓர் எச்சரிக்கை கிடைக்காதா என்பதுதான் எல்லாருடைய தவிப்பும்.

அந்தக் குமிழிகளுக்குள் இருப்பது என்ன வாயு? 1973-இல் அமெரிக்காவில் ஒரு குழு அதைச் சோதித்தது. ஹைட்ரஜன் இருந்தது. அந்தக் குழுவில் ஒருவர் மினசோட்டாவின் மைக்கேல் லெவிட். குடல் வாயுக்களைப் பற்றி வாழ்நாள் முழுவதும் ஆராய்ந்தவர். மனித உடம்பின் எந்தச் செல்லும் ஹைட்ரஜன் வாயுவை உண்டாக்குவதில்லை. நம் உடம்பிலிருந்து ஹைட்ரஜன் வருகிறது என்றால், குடலில் இருக்கும் பாக்டீரியாக்கள் சர்க்கரையையோ மாவுச்சத்தையோ நொதிக்க வைத்திருக்கின்றன என்று பொருள். அந்த வாயு குடல் சுவரைத் தாண்டி ரத்தத்தில் கலந்து, நுரையீரலுக்குப் போய், மூச்சோடு வெளியேறும். குடலில் உண்டாவதில் ஏறக்குறைய ஏழில் ஒரு பங்கு மூச்சில் வருவதாக லெவிட் 1969-லேயே அளந்து சொல்லியிருந்தார். சுற்றியுள்ள காற்றிலோ ஹைட்ரஜன் பத்து லட்சத்தில் அரைப் பங்குதான். அதனால் மூச்சில் கொஞ்சம் கூடினாலும் கருவி கண்டுகொள்ளும்.

பெரியவர்களுக்குச் செய்கிற சோதனை இதை வைத்துத்தான். முந்தின இரவு வெறும் சோறு மாதிரி எளிய சாப்பாடு, காலையில் வெறும் வயிறு. முதலில் ஒரு தடவை ஊதச் சொல்லி அளப்போம். பிறகு பாலில் உள்ள லாக்டோஸ் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்கக் கொடுத்து, அரை மணிக்கொரு தரம் மூன்று மணி நேரம் ஊதச் சொல்வோம். பத்து லட்சத்தில் 20 பங்குக்கு மேல் ஏறினால், அந்தச் சர்க்கரை சிறுகுடலில் செரிக்காமல் பெருங்குடலுக்குப் போய் நொதித்திருக்கிறது என்று அர்த்தம். ஒருமுறை ஒரு பெரியவருக்குச் சர்க்கரை கொடுப்பதற்கு முன்பே அளவு 40-ஐத் தாண்டியது. கருவி கெட்டுவிட்டது என்று நினைத்து மறுபடி அளந்தேன். அதே எண். "ராத்திரி இன்னாங்கய்யா சாப்டீங்க?" என்று கேட்டால், "மொச்சக் கொழம்பும்மா. வேற இன்னா, சோறுதான்" என்றார். மொச்சையில் நம் உடம்பால் செரிக்க முடியாத சர்க்கரைகள் உண்டு. விடிய விடிய அவை அவர் குடலில் நொதித்திருக்கின்றன. அவருக்கு ஒரு நோயும் இல்லை.

இந்த மொச்சைக் குழம்பை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். குறைமாதக் குழந்தை விஷயத்திலும் சிக்கல் இதேதான்.

லாக்டோஸைச் செரிக்கும் லாக்டேஸ் என்ற நொதி, தாய் வயிற்றில் கடைசி மூன்று மாதத்தில்தான் குழந்தையின் குடலில் வேகமாகக் கூடுகிறது. 28 முதல் 34 வாரத்தில் பிறக்கும் குழந்தைக்கு, நிறைமாதக் குழந்தைக்கு இருப்பதில் மூன்றில் ஒரு பங்கு போலத்தான் இருக்கும். ஆனால் அவனுக்குக் கிடைக்கும் உணவோ பால். தாய்ப்பாலில் 100 மில்லிக்கு ஏறக்குறைய 7 கிராம் லாக்டோஸ். மிச்சம் பெருங்குடலுக்குத்தான் போக வேண்டும். அங்கே பாக்டீரியா அதை நொதித்துச் சிறு கொழுப்பு அமிலங்களாக மாற்றும். அந்த அமிலங்களைக் குடல் உறிஞ்சிக்கொள்ளும். இப்படிச் சிறுகுடல் தவறவிட்ட சத்தைப் பெருங்குடல் மீட்டுத் தருகிறது. நல்ல ஏற்பாடு. இதில் துணைப்பொருளாக வெளிவருவதுதான் ஹைட்ரஜன். ஆகவே நன்றாக எடை கூடிக்கொண்டிருக்கும், எந்த நோயும் இல்லாத குறைமாதக் குழந்தையின் மூச்சிலும் ஹைட்ரஜன் தாராளமாக இருக்கும்.

இட்லி மாவைப் பாருங்கள். சித்திரை மாதம் வேலூரில் ராத்திரி கரைத்துவைத்த மாவு விடிவதற்குள் தூக்கை விட்டு வழிந்து தரையில் நிற்கும். குமிழி குமிழியாகப் பொங்கியிருப்பதைப் பார்த்து மாவு புளித்திருக்கிறது என்று சொல்லலாம். நல்ல மாவா, கெட்டுப்போன மாவா என்று குமிழியைப் பார்த்துச் சொல்ல முடியாது. அதற்கு முகர்ந்து பார்க்க வேண்டும், நிறம் பார்க்க வேண்டும், ஊற்றிப் பார்க்க வேண்டும். மூச்சில் வரும் ஹைட்ரஜனும் அந்தக் குமிழிதான். உள்ளே நொதிக்கிறது என்று சொல்லும். குடல் சுவர் சாகிறதா என்று அதற்குத் தெரியாது.

அப்படியானால் இதை நெக் நோய்க்கு ஏன் நினைத்தார்கள்? காரணம் இருக்கிறது. நோய் தொடங்கும்போது குடலின் அசைவு குறைகிறது. பால் நகராமல் தேங்குகிறது. தேங்கிய இடத்தில் பாக்டீரியா அளவு கடந்து பெருகி, நொதித்தல் மிகையாகிறது. வாயு அழுத்தம் கூடிக் குடல் விரிந்து, சுவரின் ரத்த ஓட்டம் இன்னும் நலிகிறது. சுவருக்குள்ளேயே ஹைட்ரஜன் குமிழி நிற்கிறது என்றால், அதற்கு முன்பே மூச்சில் ஹைட்ரஜன் எகிறியிருக்க வேண்டும் என்பது நியாயமான ஊகம். 1980களில் இதைப் பல குழுக்கள் சோதித்தன. 1989-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், நூற்றுக்கு மேற்பட்ட பச்சிளங்குழந்தைகளைத் தொடர்ந்து அளந்தார்கள். நோய் வந்த குழந்தைகளில் 86 சதவீதத்தினரை இந்தச் சோதனை பிடித்தது. நோய் வராதவர்களில் 90 சதவீதத்தினரைச் சரியாக விட்டுவிட்டது. கண்ணுக்கு அறிகுறி தெரிவதற்குப் பல மணி நேரம் முன்பே அளவு ஏறியதும் உண்டு.

86, 90 என்றதும் யாருக்கும் ஆசை வரும். எனக்கும் வந்தது. மாலையில் டாக்டரைப் பார்த்தபோது நேராகவே கேட்டேன். அவர் சின்னப் பெண்தான், இரண்டு நாளாகத் தூங்காத கண். ஆனாலும் ஒரு தாளை எடுத்து உட்கார்ந்துவிட்டார். "அக்கா, நீங்க டெஸ்ட் பண்றவங்க, ஒங்களுக்கு ஈஸியா புரியும். நூறு குழந்த வச்சுக்கோங்க. அதுல ஏழு பேருக்கு இந்த நோய் வருதுன்னு வச்சுக்கோங்க" என்று எழுத ஆரம்பித்தார்.

ஏழு பேரில் 86 சதவீதம் என்றால் ஆறு பேரைச் சோதனை பிடிக்கும், ஒருவர் தப்புவார். மீதி 93 பேருக்கு நோயே இல்லை. அவர்களில் பத்து சதவீதம், அதாவது ஒன்பது பேருக்கும் மணி அடிக்கும். மொத்தம் 15 தடவை மணி அடித்தால், ஆறு உண்மை, ஒன்பது பொய். "மணி அடிச்சா நான் இன்னா பண்ணுவேன் அக்கா? பால நிறுத்துவேன்." பாலை நிறுத்தினால் சிரை வழியாகச் சத்து ஏற்ற வேண்டும். அதற்கு ஊசிக்குழாய் நாள்கணக்கில் உடம்பில் இருக்க வேண்டும். அந்தக் குழாய் வழியாகக் கிருமி போகலாம். பால் போகாத குடலின் உள்சுவர் மெலியும். ஆன்டிபயாட்டிக் தொடங்கினால் நல்ல பாக்டீரியாவும் போகும். தேவையில்லாமல் நீண்ட நாள் கொடுக்கும் ஆன்டிபயாட்டிக்கே பிற்பாடு நெக் வரும் வாய்ப்பைக் கூட்டுவதாகப் பல ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. ஆறு பேரைக் காப்பாற்றப் போய் ஒன்பது பேரை ஆபத்தில் தள்ளுகிற கணக்கு. இது ஒரே ஒரு தடவை அளந்தால். தினமும் அளந்தால், தினமும் சில பொய் மணிகள்.

அந்தத் தாளைப் பார்த்தபோது எனக்கு ஒன்று உறைத்தது. ஆய்வுக்கூடத்தில் நாங்கள் எண்ணைக் கொடுத்துவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிடுவோம். அந்த எண்ணை வைத்து ஒருவர் என்ன செய்யப் போகிறார், அதனால் யாருக்கு என்ன இழப்பு என்பதெல்லாம் எங்கள் மேசைக்கு வருவதில்லை. ஒரு சோதனையின் மதிப்பில் பாதி, அதற்கு அப்புறம் நடப்பதில்தான் இருக்கிறது.

அதே தாளில் இன்னொரு பக்கமும் உண்டு. மணி அடிக்காதவர்கள் 85 பேர். அவர்களில் நோய் உள்ளவர் ஒரே ஒருவர். ஆகவே 'இல்லை' என்று சோதனை சொன்னால் அதை ஓரளவு நம்பலாம். வயிறு லேசாக உப்பியிருக்கிறது, எக்ஸ்ரே தெளிவாக இல்லை, பாலை நிறுத்துவதா வேண்டாமா என்று தயங்கும் நேரத்தில், ஹைட்ரஜன் தாழ்வாகவே இருந்தால் பாலைத் தொடர அது ஒரு துணிவைத் தரலாம். இந்தச் சோதனைக்கு ஏதாவது இடம் உண்டென்றால் அது இங்கேதான் என்பது என் எண்ணம். இதிலும் ஒரு ஓட்டை இருக்கிறது. குழந்தைக்கு ஏற்கெனவே ஆன்டிபயாட்டிக் ஓடிக்கொண்டிருந்தால் நொதிக்கிற பாக்டீரியாவே குறைந்துபோயிருக்கும். பால் நிறுத்தியிருந்தால் நொதிக்கச் சர்க்கரையே இருக்காது. இரண்டிலும் ஹைட்ரஜன் தாழ்ந்துதான் இருக்கும், குடல் எந்த நிலையில் இருந்தாலும். தீவிர சிகிச்சைப் பிரிவில் இந்த இரண்டும் இல்லாத குழந்தை எத்தனை பேர்?

இனி, அளப்பது எப்படி என்ற பாடு. பெரியவரிடம் "நல்லா இழுத்து, அடக்கி, மெதுவா ஊதுங்க" என்று சொல்லலாம். கடைசியில் வரும் மூச்சுதான் நுரையீரலின் ஆழத்திலிருந்து வருவது. ரத்தத்தோடு உறவாடியது அதுதான். குறைமாதக் குழந்தையிடம் யார் சொல்வது? நிமிடத்துக்கு 40 முதல் 60 தடவை மூச்சு விடுகிறான். ஒரு மூச்சின் அளவு, கிலோவுக்கு 4 முதல் 6 மில்லி. 1,240 கிராம் குழந்தைக்கு ஒரு மூச்சு என்பது ஒரு தேக்கரண்டியளவு காற்று. மூக்கின் ஓரத்தில் மெல்லிய குழாயை வைத்து, மூச்சு வெளியேறும் கணத்தில் மட்டும் ஊசிக்குழலின் தண்டைக் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்து, பத்து இருபது மூச்சின் நுனிகளைச் சேர்க்க வேண்டும். கை கொஞ்சம் தப்பினாலும் அறைக்காற்று கலந்துவிடும்.

இதற்கு ஆராய்ச்சியாளர்கள் கண்ட வழி எனக்கு மிகவும் பிடித்தது. பாலில் எவ்வளவு தண்ணீர் கலந்திருக்கிறது என்று எப்படிக் கண்டுபிடிப்போம்? கலக்காத பாலின் அடர்த்தி இவ்வளவு என்று நமக்கு முன்பே தெரியும். அதிலிருந்து எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று பார்த்தால் தண்ணீரின் அளவு தெரிந்துவிடும். மூச்சில் அந்தத் தெரிந்த பொருள் கரியமில வாயு. நுரையீரலின் ஆழத்திலிருந்து வரும் மூச்சில் அது ஏறக்குறைய ஐந்து சதவீதம் இருக்கும். அறைக்காற்றில் இல்லையென்றே சொல்லலாம். மாதிரியில் பாதி அறைக்காற்று கலந்திருந்தால் கரியமில வாயுவும் பாதியாகும், ஹைட்ரஜனும் பாதியாகும், இரண்டுக்கும் உள்ள விகிதம் மாறாது. அதனால்தான் பச்சிளங்குழந்தைகளின் ஆய்வுகளில் ஹைட்ரஜனைத் தனியாகச் சொல்லாமல், கரியமில வாயுவோடு வகுத்துச் சொல்கிறார்கள். ஆனால் மூச்சுக்கு உதவியாக மூக்கில் அழுத்தக் காற்று ஓடும் குழந்தையிடம் நிமிடத்துக்குச் சில லிட்டர் காற்று பாய்கிறது. தேக்கரண்டி மூச்சு அந்த வெள்ளத்தில் கரைந்துவிடும். நோய் வரும் வாய்ப்பு யாருக்கு அதிகமோ அவர்களை அளப்பதுதான் மிகக் கடினம்.

இந்த ஊருக்கும் குடலில் நடக்கும் இந்த விவகாரங்களுக்கும் பழைய உறவு உண்டு. அதைச் சொல்லாமல் போக மனம் வரவில்லை. 1960களின் தொடக்கத்தில் அப்போதைய வட ஆற்காடு மாவட்டக் கிராமங்களில் வெப்பமண்டல ஸ்ப்ரூ என்ற நோய் கொள்ளைநோயாகப் பரவியது. ஓயாத பேதி, சாப்பிட்டது ஒட்டாமல் உடம்பு உருகுதல், சோகை. வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியின் செல்வின் பேக்கர், வி. ஐ. மாத்தன் போன்றவர்கள் ஊர் ஊராகப் போய் நோயாளிகளைப் பார்த்து எழுதிய ஆய்வுகளை இன்றைக்கும் உலகம் எடுத்துப் படிக்கிறது. பிறகு அதே வளாகத்தில், 2000-இல் பி. எஸ். ராமகிருஷ்ணாவும் சக ஆய்வாளர்களும் காலரா நோயாளிகள் 48 பேரிடம் செய்த சோதனை நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் வந்தது. உப்புச் சர்க்கரைக் கரைசலோடு, சிறுகுடலில் செரிக்காத ஒருவகை மக்காச்சோள மாவைச் சேர்த்துக் கொடுத்தார்கள். அது பெருங்குடலுக்குப் போய் நொதிக்கும். உண்டாகும் சிறு கொழுப்பு அமிலங்கள், உப்பையும் தண்ணீரையும் குடல் உறிஞ்சிக்கொள்ள உதவும். பேதி குறைந்தது, சீக்கிரமும் நின்றது.

அதாவது, எந்த நொதித்தலைக் குறைமாதக் குழந்தையிடம் கண்டு பயப்படுகிறோமோ அதே நொதித்தலை வேலூரில் மருந்தாகப் பயன்படுத்தியிருக்கிறார்கள். முதிர்ந்த குடலுக்கு அந்த அமிலம் உணவு. முதிராத குடலில் அதே அமிலம் அளவுக்கு மிஞ்சித் தேங்கினால் உள்சுவரைப் புண்ணாக்கும் என்று பிறந்த எலிக்குட்டிகளில் செய்த சோதனைகள் காட்டுகின்றன. எவ்வளவு நொதிக்கிறது என்பதோடு, எந்தக் குடலில், எந்தப் பாக்டீரியாவால், எவ்வளவு நேரம் தேங்கி என்பதெல்லாம் சேர்ந்துதான் நன்மையையும் தீமையையும் தீர்மானிக்கிறது. ஹைட்ரஜன் எண் இதில் முதல் கேள்விக்கு மட்டும் பதில் சொல்கிறது.

அதனால் இந்தச் சோதனை உலகத்தில் எங்கும் நெக் நோய்க்கு வழக்கமான பரிசோதனையாக வேரூன்றவில்லை. அதை நினைத்தால் எனக்கு வருத்தம்தான். மருந்து இல்லை, ஊசி இல்லை, ரத்தம் எடுக்கத் தேவையில்லை. 1,240 கிராம் குழந்தையின் உடம்பில் மொத்த ரத்தமே 100 மில்லியைச் சுற்றித்தான். அவனிடமிருந்து ஒன்றும் எடுக்காமல் ஒன்றைத் தெரிந்துகொள்ள முடிந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும். அந்த ஆசையில்தான் இப்போதும் முயற்சிகள் நடக்கின்றன. மலத்திலிருந்து எழும் ஆவிகளின் கலவையை மின்னணு மூக்கு என்ற கருவியால் முகர்ந்து பார்க்கிறார்கள். அல்ட்ராசவுண்டில் குடல் சுவரின் தடிப்பையும் அதில் ரத்தம் ஓடுவதையும் நேராகவே பார்க்கிறார்கள். குமிழியை எண்ணுவதை விட்டு மாவையே பார்க்கிற முயற்சிகள் இவை. அல்ட்ராசவுண்ட் படுக்கைக்கே வரும், கதிர்வீச்சு இல்லை. பார்க்கத் தெரிந்த கண் வேண்டும்.

வந்தபின் கண்டுபிடிப்பதைவிட வராமல் தடுப்பதில் நம் கையில் இருப்பது அதிகம். 1990-இல் லான்செட் இதழில் ஆலன் லூகாஸும் டிம் கோலும் 926 குறைமாதக் குழந்தைகளை வைத்து எழுதிய ஆய்வு உண்டு. புட்டிப்பால் மாவு மட்டுமே குடித்த குழந்தைகளுக்கு, தாய்ப்பால் மட்டும் குடித்தவர்களைவிட இந்த நோய் ஆறு முதல் பத்து மடங்கு அதிகமாக வந்தது. எந்தச் சோதனையும் தராத பாதுகாப்பு இது. பெற்றவளுக்குப் பால் ஊறவில்லை என்றால் தாய்ப்பால் வங்கியிலிருந்து பதப்படுத்திய பால் வாங்கிக் கொடுக்கலாம். தமிழ்நாட்டில் அரசு மருத்துவமனைகளிலும் இந்த வங்கிகள் இருக்கின்றன. முன்கூட்டியே வலி வந்துவிட்ட தாய்க்குப் பிரசவத்துக்கு முன் கொடுக்கும் ஸ்டீராய்டு ஊசி, குழந்தையின் நுரையீரலுக்காகப் போடுவது என்றாலும் இந்த நோயையும் குறைக்கிறது. வலி வந்ததும் 'பொய் வலியா இருக்கும்' என்று வீட்டிலேயே வைத்துக்கொண்டிருந்தால் அந்த ஊசிக்கு நேரம் கிடைக்காது. குடியாத்தத்தில் அன்று ராத்திரி என் அக்கா அரை மணி நேரம்கூடத் தாமதிக்கவில்லை. அதை நான் அவளிடம் பலமுறை சொல்லியிருக்கிறேன்.

இன்னொன்று, பால் ஊறவில்லையே என்று அழும் இளந்தாயிடம் மாமியாரும் அத்தையும் வந்து, "டப்பாப் பால் குடுத்தா இன்னா, நாங்கல்லாம் வளக்கலயா" என்று சொல்வது. நிறைமாதக் குழந்தைக்கு அது வேறு பேச்சு. பெட்டியில் இருக்கும் குழந்தைக்கு அந்தத் தாய் கையால் பிழிந்து எடுக்கும் 3 மில்லிகூட மருந்து. முதல் நாள் அக்கா மகள் சின்னக் கிண்ணத்தில் அடியை மட்டும் நனைத்த பாலைக் கொண்டுவந்து, "இவ்ளோதான் வந்துச்சு சிஸ்டர்" என்று தலையைக் குனிந்துகொண்டாள். சிஸ்டர் அதை ஊசிக்குழலில் உறிஞ்சி வெளிச்சத்தில் பிடித்துக் காட்டி, "ஒண்ணர மில்லி இருக்கு பாப்பா. இது போதும், கையக் கழுவிட்டு மூணு மணி நேரம் கழிச்சு மறுபடி எடு" என்றார்.

குழந்தைக்கு அந்தப் பதினாறாம் நாள் எக்ஸ்ரேயில் குமிழி தெரியவில்லை. குடல் கொஞ்சம் விரிந்திருந்தது, அவ்வளவுதான். முதல் கட்டம், சந்தேகம் என்று எழுதினார்கள். வயிற்றுக் காற்று வெளியேற வாய் வழியாகக் குழாய் விட்டார்கள். எட்டு மணி நேரம் கழித்து இன்னொரு படம். இரவுப் பணியில் இருந்த சிஸ்டர் தொப்புளுக்கு நேரே பேனாவால் இரண்டு பக்கமும் கோடு போட்டு, அந்தக் கோட்டின் மேலேயே டேப்பைச் சுற்றி, சில மணி நேரத்துக்கு ஒரு தரம் அளந்தார். கோடு எதற்கு என்று கேட்டேன். "ஒவ்வொருத்தரும் ஒவ்வொரு எடத்துல அளந்தா ரெண்டு சென்டிமீட்டர் சும்மாவே வித்தியாசம் வரும்ங்க" என்றார். கரியமில வாயுவை வைத்து மூச்சு மாதிரியைத் திருத்துகிற அதே புத்தி இது, இரண்டு பேனாக் கோட்டில்.

வட ஆற்காட்டுப் பக்கம் குறைமாதக் குழந்தைகள் ஓர் ஆஸ்பத்திரியில் பிறந்து இன்னோர் ஆஸ்பத்திரிக்குப் போவது வழக்கம். ஒடுகத்தூர், பேர்ணாம்பட்டு, ஆம்பூர் என்று எங்கிருந்தும் வருவார்கள். வீட்டாருக்கு நான் சொல்வது ஒன்று உண்டு. கையில் ஒரு நோட்டு வைத்துக்கொள்ளுங்கள். தேதி, தாய்ப்பாலா டப்பாப் பாலா, ஒரு தடவைக்கு எத்தனை மில்லி, எந்த ஆன்டிபயாட்டிக் எந்த நாளில் தொடங்கியது, வாந்தி பச்சையாக இருந்ததா, மலத்தில் ரத்தம் தெரிந்ததா. இந்த நோயில் எந்த எண்ணுக்கும், மூச்சில் வருகிற எண்ணோ வயிற்றின் சுற்றளவோ, முந்தின நாளின் எண் தெரிந்தால்தான் பொருள் வரும். கேஸ் ஷீட் பழைய ஆஸ்பத்திரியிலேயே தங்கிவிடும், நோட்டு உங்களோடு வரும்.

அக்கா எழுதிய நோட்டு அவள் பீரோவில் இருக்கிறது. நாற்பது பக்க நோட்டு, கோணல் எழுத்து. பதினாறாம் நாளுக்கு நேரே '24 செ.மீ., பால் இல்லை'. அடுத்த இரண்டு நாளும் 'பால் இல்லை' மட்டும். பத்தொன்பதாம் நாளுக்கு நேரே '22 செ.மீ., அம்மா பால் 1 மில்லி'.